மேடையில் யார் வாசிக்கிறார்கள்? – மின்னணு இசையும் நேரடிக் கச்சேரியும்

1992-ஆம் ஆண்டு. பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சி. அந்த வாரம் நன்றாக விற்பனையாகும் பாடல்களை, பாடியவர்களே மேடைக்கு வந்து நிகழ்த்திக் காட்டுவது அந்த நிகழ்ச்சியின் வழக்கம். அன்று வந்தவர்கள் 'தி ஆர்ப்' என்ற மின்னணு இசைக் குழுவினர். 'புளூ ரூம்' என்ற அவர்களுடைய இசைத்தட்டு ஏறத்தாழ 40 நிமிடம் ஓடக்கூடியது. அதில் சில நிமிடங்களை மட்டும் வெட்டி ஒலிபரப்பினார்கள். இசை ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் குழுவினர் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள்!

அதே மேடையில் பல ஆண்டுகளாகப் பலரும் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மின் இணைப்பே இல்லாத கிட்டாரை மீட்டுவதுபோல் கை ஆட்டியிருக்கிறார்கள். தி ஆர்ப் அந்தப் பாவனையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். விளையாட்டாகச் செய்த காரியம் என்றாலும் அதற்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. ஒலியை இயந்திரம் உண்டாக்கும்போது மேடையில் மனிதருக்கு என்ன வேலை? மின்னணு இசையை நேரடிக் கச்சேரியாக நடத்த முடியுமா? டிக்கெட் வாங்கி வருபவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது?

இது மடிக்கணினியோடு வந்த கேள்வி என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் மின்னணு இசைக்கு எத்தனை வயதோ அத்தனை வயது இந்தக் கேள்விக்கும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாகப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

கையும் ஒலியும்

வயலின்காரர் வில்லை அழுத்தி இழுத்தால் ஒலி பெருகுகிறது. மிருதங்கக்காரரின் கை ஓங்குவதைப் பார்த்ததுமே வரப்போகும் அடியின் கனம் தெரிந்துவிடுகிறது. கேட்பவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உடல் செலவழிக்கும் உழைப்பும் காதில் விழும் ஒலியும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவதை யாரும் உணர முடியும். மின்சாரம் இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது. ஒரு குமிழை அரை அங்குலம் திருப்பினால் அரங்கமே அதிரும். எதையும் தொடாமல் சும்மா இருந்தாலும் ஒலி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சங்கிலியை வேறு விதமாகப் பூட்டிக் காட்டியவர் ரஷ்யரான லெவ் தெர்மென். 1920-ஐ ஒட்டி அவர் உருவாக்கிய கருவிக்கு அவர் பெயரையே வைத்து 'தெரமின்' என்றார்கள். 1922ல் லெனினுக்கே அதை வாசித்துக் காட்டினார். 1928ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இந்தக் கருவியைத் தொடாமலே வாசிக்க வேண்டும். பெட்டிக்குள் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் இரண்டு அலையியற்றிகள் இருக்கும். வாசிப்பவரின் கை செங்குத்தான கம்பியை நெருங்க நெருங்க ஒன்றின் அதிர்வெண் மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதுக்குக் கேட்கும் சுரம். வலது கை சுரத்துக்கு, இடது கை ஒலி அளவுக்கு.

1929ல் ஆர்சிஏ நிறுவனம் இதை வீட்டுக் கருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீட்டியடிக்கத் தெரிந்தவர் யாரும் வாசித்துவிடலாம் என்கிற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். சுமார் 500 கருவிகளே தயாராயின. வாங்கியவர்களுக்கு உடனே உண்மை தெரிந்தது. தந்தியும் கட்டையும் இல்லாத வெறும் காற்றில் சரியான சுரத்தைப் பிடிப்பது வயலினைவிடக் கடினம்!

அதைப் பிடித்துக் காட்டியவர் கிளாரா ராக்மோர். சிறு வயதிலேயே வயலின் மேதை என்று பெயர் வாங்கியவர். எலும்புக் கோளாறால் வயலினைக் கைவிட வேண்டி வந்தது. தெரமினுக்குக் காற்றிலேயே விரலடவு வகுத்துக்கொண்டார். 1934ல் நியூயார்க் டவுன் ஹாலில் கச்சேரி செய்தார். தலை லேசாக அசைந்தாலும் சுரம் விலகும் என்பதால் சிலைபோல் நின்று, விரல்களை மட்டும் அசைத்து வாசித்தார். அங்கே வந்திருந்த யாருக்கும் 'இது நேரடிக் கச்சேரியா' என்ற சந்தேகம் வந்திருக்க வழியில்லை. ஒவ்வொரு சுரமும் தவறிப்போகக்கூடிய சுரம். ஒவ்வொன்றையும் அவர் அந்தக் கணத்தில் தேடிப் பிடித்தார்.

ஆக, ஆரம்பத்திலேயே ஒன்று தெளிவாகிவிட்டது. மின்சாரம் வேறு, நேரடித்தன்மை வேறு. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்பதில்லை. நம் ஊர் சபாக்களிலும் இதைக் காணலாம். பாடகருக்குப் பின்னால் மின்னணு சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கச்சேரியை யாரும் பதிவு செய்யப்பட்ட கச்சேரி என்று சொல்வதில்லை. ராகத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதை முடிவு செய்கிறவர் பாடகர்தான்.

வெறும் மேடையும் ஒலிபெருக்கியும்

சிக்கல் உண்மையில் தொடங்கியது ஒலிப்பதிவோடு. பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948ல் ரயில் ஓசை, பாத்திரங்களின் ஓசை போன்றவற்றைப் பதிவு செய்து, வெட்டி, திருப்பி, அடுக்கி இசை அமைத்தார். 'மியூசிக் கான்கிரீட்' என்று அதற்குப் பெயர். வானொலியில் ஒலிபரப்பாகும்வரை பிரச்சினை இல்லை. வானொலியில் எந்தக் கலைஞரையும் யாரும் பார்ப்பதில்லையே. 1950 மார்ச் 18ல் பாரிஸில் ஓர் அரங்கத்தில் ரசிகர்களைக் கூட்டிவைத்து இதைக் கேட்கவைத்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. வயலின் இல்லை, பியானோ இல்லை. மேடையை நோக்கி உட்கார்ந்திருப்பவர்கள் எதைப் பார்ப்பது?

ஷேஃபரின் கூட்டத்துக்கு இந்தக் குறை தெரிந்தே இருந்தது. 1951ல் ழாக் பூலன் என்ற பொறியாளர் அதற்கு ஒரு சாதனம் செய்தார். மேடையில் பெரிய கம்பி வளையங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒருவர் நின்று, கையில் ஒரு சிறிய கம்பிச்சுருளை வைத்துக்கொண்டு அசைப்பார். அவர் கை போகும் திசைக்கு ஏற்ப ஒலி அரங்கத்தில் முன்னும் பின்னும், இடமும் வலமும் நகரும். இசை பதிவானதுதான். அது எங்கிருந்து வரவேண்டும் என்பது மட்டும் நேரடி. கச்சேரி என்று சொல்ல ஒரு கை அசைவாவது வேண்டும் என்று அப்போதே தோன்றியிருக்கிறது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1952 அக்டோபர் 28ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஆட்டோ லூனிங், விளாடிமிர் உசாசெவ்ஸ்கி இருவரும் நாடாவில் அமைத்த இசையை ரசிகர்கள் முன் ஒலிக்கவிட்டார்கள். இந்த அருங்காட்சியகத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் வேறு விதமாக யோசித்தார். 1956 மே 30ல் அரங்கேறிய அவருடைய 'கெசாங் டெர் யூங்லிங்கே' என்ற படைப்பில் ஒரு சிறுவனின் குரலும் மின் ஒலிகளும் ஐந்து ஒலிபெருக்கித் தொகுதிகளிலிருந்து வந்தன. மேடையில் ஆள் இல்லாத குறையை, ஒலியே அரங்கைச் சுற்றி நடமாடுவதைக் கொண்டு நிரப்பப் பார்த்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இது உச்சத்துக்குப் போனது. பிலிப்ஸ் நிறுவனத்துக்காக லெ கொர்புசியே, செனாகிஸ் இருவரும் கட்டிய கூடத்தில், எட்கார் வரேஸின் 8 நிமிட இசை நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியே சுவர்களில் ஓடியது. மேடையே கிடையாது. வாசிப்பவர் எங்கே என்று தேட வேண்டிய அவசியமும் இல்லை. அது ஒரு கண்காட்சி. உள்ளே போனார்கள், கேட்டார்கள், வெளியே வந்தார்கள்.

1974ல் பாரிஸில் பிரான்சுவா பெயில் உருவாக்கிய 'அகூஸ்மோனியம்' இந்த வழியின் தொடர்ச்சி. பல அளவிலான ஒலிபெருக்கிகளை இசைக்குழுபோல் மேடையில் அடுக்கிவைத்தார்கள். கலைஞர் மேடையில் இல்லாமல் அரங்கின் நடுவே ஒலிக்கலவைப் பலகையில் உட்கார்ந்து, எந்தப் பகுதி எந்தப் பெட்டியிலிருந்து வரவேண்டும் என்று அந்த அரங்கத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஏற்ப முடிவு செய்வார். மேடையில் நிற்பவர் கேட்பது ஒன்று, கீழே இருப்பவர்கள் கேட்பது வேறு. ரசிகர்கள் கேட்பதையே கலைஞரும் கேட்கவேண்டும் என்றால் அவரும் ரசிகர்களோடுதான் உட்கார வேண்டும். பின்னாட்களில் சிலர் இதற்கும் மேலே போனார்கள். இங்கிலாந்தின் ஆடெக்கர் இரட்டையர் விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் வாசிக்கிறார்கள். ஸ்பெயின்காரரான ஃபிரான்சிஸ்கோ லோபெஸ் ரசிகர்களின் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். பார்க்க ஒன்றும் இல்லை, கேளுங்கள் என்பதே இவர்களுடைய பதில். இது நேர்மையான பதில்.

இன்னொரு பதிலும் அதே காலத்தில் வந்தது. 1964ல் ஸ்டாக்ஹவுசன் 'மிக்ரோஃபோனி' என்ற படைப்பை அமைத்தார். நடுவில் ஒரு பெரிய சேகண்டி. இரண்டு பேர் அதைப் பலவிதமான பொருள்களால் தட்டி, உரசி, கீறி ஒலி எழுப்புவார்கள். இரண்டு பேர் கையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அருகே கொண்டுபோவதும் விலக்குவதுமாக இருப்பார்கள். மற்ற இரண்டு பேர் வடிகட்டிகளைத் திருப்பி ஒலியை மாற்றுவார்கள். ஒலிவாங்கியே ஒரு வாத்தியம் ஆகிவிட்டது. பிரான்சின் பியர் பூலெஸ் 1981ல் அரங்கேற்றிய 'ரெபோன்' இதே எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. தனி வாத்தியக்காரர்கள் வாசிக்கும் ஒலியை 4எக்ஸ் என்ற கணினி அந்த நேரத்திலேயே மாற்றி அரங்கெங்கும் அனுப்பியது. ஓடிக்கொண்டிருக்கும் நாடாவோடு மனிதர் ஓடக்கூடாது, மனிதரோடு இயந்திரம் ஓடவேண்டும் என்பது பூலெஸின் பிடிவாதம்.

சிந்தசைசர் மேடை ஏறுகிறது

1964ல் ராபர்ட் மோக் தன் சிந்தசைசரை அறிமுகம் செய்தார். அது ஸ்டூடியோவுக்கான கருவி. ஓர் ஒலியிலிருந்து இன்னோர் ஒலிக்கு மாற வேண்டுமானால் டஜன் கணக்கில் வயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். மேடையில் அதுவரை ரசிகர்கள் காத்திருப்பார்களா? 1969 ஆகஸ்ட் 28ல் அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் மோக் சிந்தசைசர்களின் கச்சேரி நடந்தது. ஒலிகளைச் சட்டென்று மாற்ற வசதியாக முன்கூட்டியே அமைத்துவைத்த பெட்டிகளை மோக் அதற்கென்றே செய்துகொடுத்தார். கடைசியில் மின் இணைப்பு விடுபட்டுப்போய்க் கச்சேரி நடுவிலேயே நின்றது. இதைவிட நேரடியான கச்சேரி இருக்க முடியுமா!

1970ல் வந்த மினிமோக் இந்தத் தொல்லையைப் போக்கியது. வயர்கள் கிடையாது, தூக்கிக்கொண்டு போகலாம். முக்கியமாக, இடது கைப்பக்கம் ஒரு சிறிய சக்கரம் இருந்தது. அதை உருட்டினால் சுரம் கிட்டார் தந்தியை இழுப்பதுபோல் வளையும். யான் ஹாமர் போன்றவர்கள் அதை வைத்துக்கொண்டு கிட்டார்காரர்களோடு போட்டி போட்டு வாசித்தார்கள். அறுந்த சங்கிலி மறுபடியும் பூட்டப்பட்டது.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஒரு சிந்தசைசர் பத்து வயலின்காரர்களின் இடத்தை நிரப்பிவிடும் என்றால் அந்தப் பத்துப் பேரின் பிழைப்பு என்ன ஆகும்? 1982ல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களையும் டிரம் இயந்திரங்களையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. சங்கம் முழுவதும் அதை ஏற்கவில்லை, தடையும் வரவில்லை. இன்று படிப்பவர்களுக்கு அந்தத் தீர்மானம் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வாடகை கட்ட வேண்டிய ஒரு வயலின்காரருக்கு அது சிரிக்கும் விஷயமாக இருந்திருக்காது. 'இது நேரடி இசைதானா' என்ற கேள்விக்குப் பின்னால் பல சமயம் 'எனக்கு இனி வேலை இருக்குமா' என்ற கேள்வியும் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்த விஷயத்தை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரைச் சேர்ந்த கிராஃப்ட்வெர்க். ரால்ஃப் ஹுட்டர், ஃபுளோரியான் ஷ்னைடர் இருவரும் 1970ல் தொடங்கிய குழு. மனிதர் இயந்திரமாகிவிட்டார் என்று மற்றவர்கள் குறை சொல்வதற்கு முன்னால் இவர்களே அதைச் சொல்லிவிட்டார்கள். 1978ல் தங்கள் இசைத்தட்டு வெளியீட்டுக்குத் தங்களைப் போலவே செய்த பொம்மைகளை நிறுத்தினார்கள். 1981 சுற்றுப்பயணத்தில் தங்கள் ஸ்டூடியோவையே பெயர்த்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு பேரும் அசையாமல் நின்று வாசித்தார்கள். ஆனால் 'பாக்கெட் கால்குலேட்டர்' பாட்டு வந்தபோது கையடக்கக் கருவிகளோடு மேடை விளிம்புக்கு வந்தார்கள். முன்வரிசை ரசிகர்களிடம் கருவியை நீட்டி, அவர்களையே பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரசிகர் அமுக்கினார், ஒலி வந்தது. 'உண்மையிலேயே வாசிக்கிறார்களா' என்ற சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

1991 சுற்றுப்பயணத்தில் 'ரோபோக்கள்' பாட்டுக்கு உண்மையான இயந்திர பொம்மைகள் வந்து ஆட, மனிதர்கள் மேடையை விட்டே போய்விட்டார்கள். கூட்டம் கைதட்டியது. ஏமாற்றாமல் சொல்லிவிட்டுச் செய்தால் ரசிகர்கள் எதையும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இது சாட்சி.

நடன அரங்கில் நடந்தது

இதற்கிடையில் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் நகரங்களில் வேறொன்று வளர்ந்துவந்தது. அங்கே மேடையே முக்கியம் இல்லை. கூட்டம் மேடையைப் பார்த்து உட்காரவில்லை, ஆடிக்கொண்டிருந்தது. இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போடும் டிஜே ஒரு மூலையில் இருப்பார். அவர் போடுவது மற்றவர்கள் எப்போதோ பதிவு செய்த இசை. அப்படியென்றால் இதில் நேரடியாக நடப்பது என்ன?

தேர்வுதான். அடுத்து எந்தத் தட்டு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம்? இரண்டு தட்டுகளின் வேகத்தையும் காதால் கேட்டு, விரலால் தள்ளிப் பொருத்த வேண்டும். கொஞ்சம் பிசகினால் இரண்டு தாளமும் மோதி அரங்கமே தடுமாறும். கூட்டம் களைத்துவிட்டதா, சூடேறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் 1995ல் டோக்கியோவின் லிக்விட் ரூமில் மூன்று தட்டுகளை வைத்துக்கொண்டு வாசித்த நிகழ்ச்சி, அடுத்த ஆண்டு குறுந்தட்டாக வந்தது. ஊசி தடுமாறும் இடங்களைக்கூட அதில் நீக்கவில்லை. ரசிகர்கள் அந்தப் பதிவைப் பெரிதாகப் பேசுவதற்கு அந்தத் தடுமாற்றங்களும் ஒரு காரணம்.

1994 கிளாஸ்டன்பரி விழா இன்னொரு திருப்பம். ராக் இசைக்குப் பேர்போன அந்த விழாவில் ஆர்பிட்டல் என்ற பெயரில் வாசித்த ஹார்ட்னால் சகோதரர்கள், தலையில் இரண்டு டார்ச் விளக்குகளை மாட்டிக்கொண்டு இருட்டில் நின்றார்கள். பாட்டின் துண்டுகள் எல்லாம் சீக்வென்சர் கருவிகளில் முன்பே ஏற்றப்பட்டவை. ஆனால் எந்தத் துண்டு எப்போது உள்ளே வரவேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அவர்கள் அங்கேயே பொத்தான்களை அமுக்கி முடிவு செய்தார்கள். ஒரு பாட்டு ஒரு நாள் 6 நிமிடம் போகும், மறுநாள் 12 நிமிடம் போகும். அந்த டார்ச் வெளிச்சம் அலங்காரம் மட்டும் இல்லை. கருவியைப் பார்க்க அவர்களுக்கு வெளிச்சம் தந்தது. அவர்கள் எங்கே குனிகிறார்கள், எதைத் திருப்புகிறார்கள் என்பதைக் கூட்டத்துக்கும் காட்டிக்கொடுத்தது.

மடிக்கணினிக்குப் பின்னால் ஒரு முகம்

2000-ஐ ஒட்டி எல்லாக் கருவிகளும் ஒரு மடிக்கணினிக்குள் போய்விட்டன. 2001ல் பெர்லினில் ஏபிள்டன் நிறுவனம் 'லைவ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. பெயரிலேயே நேரடி! ஆனால் மேடையில் தெரிந்தது திரையின் வெளிச்சம் விழுந்த ஒரு முகம் மட்டும்தான். இவர் இசை அமைக்கிறாரா, மின்னஞ்சல் பார்க்கிறாரா என்ற கேலி அந்த நாட்களில் சகஜம். கேலியில் நியாயம் இருந்தது. உள்ளே மிகக் கடினமான வேலை நடந்துகொண்டிருந்தாலும் வெளியே தெரிவது ஒரு விரல் அசைவுதான். ஒன்றுமே நடக்காவிட்டாலும் அதே விரல் அசைவுதான். ஏபிள்டனைத் தொடங்கியவர்களில் ஒருவரான இசைக்கலைஞர் ராபர்ட் ஹென்கேயே இந்தச் சங்கடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தனக்கென்று குமிழ்களும் பொத்தான்களும் கொண்ட ஒரு பலகையையும் செய்துகொண்டார்.

இதற்கு முன்பே ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாற்று இருந்தது. 1969ல் தொடங்கிய ஸ்டைம் என்ற ஆய்வுக்கூடத்தில் மிகேல் வைஸ்விஸ் 1984ல் 'கைகள்' என்ற கருவியைச் செய்தார். இரண்டு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் சட்டங்கள், அவற்றில் உணரிகளும் விசைகளும். கையை விரிப்பதும் சாய்ப்பதும் ஒலியாக மாறும். வாசிப்பது சுலபமாக இருக்கக்கூடாது, உடல் உழைக்க வேண்டும், அப்போதுதான் கேட்பவர் மனதில் தைக்கும் என்பது அந்தக் கூடத்தாரின் கொள்கை. ராக்மோரின் காற்று விரலடவுக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

நேர் எதிரான வழியில் போனவர்கள் 'லைவ் கோடிங்' கூட்டத்தார். 2004ல் ஹாம்பர்க்கில் டாப்லாப் என்ற அமைப்பாக ஒன்றுகூடினார்கள். இசையை உண்டாக்கும் நிரலை மேடையிலேயே எழுதுவது இவர்கள் முறை. திரையை மறைக்கக்கூடாது, பின்னால் சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்பது இவர்களுடைய முதல் விதிகளில் ஒன்று. வரி மாறுகிறது, தாளம் மாறுகிறது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் எதிர்பார்த்த மாற்றம் வராது. பிழை சிவப்பில் தெரியும். நிரல் எழுதத் தெரியாதவருக்கும் 'அடடா, சிக்கிக்கொண்டார்' என்பது புரியும். அவர் திருத்திவிட்டால் கைதட்டல் வரும். 2012-ஐ ஒட்டி 'அல்கோரேவ்' என்ற பெயரில் இது நடன அரங்குகளுக்கும் போனது.

ஒரு பொத்தான்

2012 ஜூனில் கனடாவின் டெட்மவ்5 ஒரு உண்மையைப் போட்டு உடைத்தார். பல்லாயிரம் பேர் கூடும் பெரிய மேடைகளில் பெரும்பாலான மின்னணு இசைக்காரர்கள் செய்வது ஒரு பொத்தானை அமுக்குவதுதான், தானும் அதற்குப் பெரிய விலக்கு இல்லை என்ற பொருளில் எழுதினார். ரசிகர்களுக்குக் கோபம், சக கலைஞர்களுக்கு அதைவிடக் கோபம்.

அவர் சொன்ன காரணம்தான் முக்கியமானது. பெரிய மேடையில் விளக்கு, வீடியோ, புகை, தீப்பொறி எல்லாம் இசையோடு நொடி பிசகாமல் வரவேண்டும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே நேரக் குறியீட்டில் கட்டிவைக்கிறார்கள். 3 நிமிடம் 20-வது நொடியில் தீப்பொறி என்றால் அந்த நொடியில் இசை அங்கே இருந்தே ஆகவேண்டும். கலைஞருக்குத் திடீரென்று ஒரு பகுதியை நீட்டத் தோன்றினாலும் முடியாது. 1950களில் நாடா மனிதரைக் கட்டிப்போட்டது என்றால் இப்போது அந்த இடத்துக்கு விளக்குகள் வந்துவிட்டன. பார்க்க எதுவும் இல்லையே என்ற குறையைத் தீர்க்க வந்த காட்சிதான் நேரடியாக எதுவும் நடக்கவிடாமல் செய்கிறது. இது பெரிய முரண்.

அதே 2012 ஏப்ரலில் கிராஃப்ட்வெர்க், 1952லும் 1969லும் இந்தக் கதையில் வந்த அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவுகள், இரவுக்கு ஒரு இசைத்தொகுப்பு என்று வாசித்தார்கள். நான்கு பேர், நான்கு மேசை, முப்பரிமாணப் படங்கள். கிட்டத்தட்ட அசைவே இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்தவர்கள் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வியை இவர்களைப் பார்த்தும் கேட்கலாம். ஆனால் டிக்கெட் கிடைக்காதவர்கள்தான் அதிகம்.

ஆக, பதில் என்ன?

இந்த வரலாற்றில் தோற்றுப்போன கச்சேரிகளையும் வென்ற கச்சேரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கருவி எது என்பதைப் பொறுத்து எதுவும் தீர்மானமாகவில்லை என்பது தெரிகிறது. தெரமினும் மின்னணுக் கருவிதான், மடிக்கணினியும் மின்னணுக் கருவிதான். இசையில் எவ்வளவு முன்பே பதிவானது என்பதும் பெரிய விஷயம் இல்லை. மில்ஸ் வாசித்தது அச்சான இசைத்தட்டுகளைத்தான்.

வென்ற கச்சேரிகளில் எல்லாம் ஏதோ ஒன்று அன்று இரவு மாறக்கூடியதாக இருந்தது. ராக்மோருக்குச் சுரம், அகூஸ்மோனியத்தில் ஒலியின் இடம், மில்ஸுக்கு அடுத்த தட்டு, ஆர்பிட்டலுக்குப் பாட்டின் நீளம், நிரல் எழுதுபவருக்கு அடுத்த வரி. தவறிப்போக வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பு இருக்கிறது என்பது கூட்டத்துக்கும் ஏதோ ஒரு வழியில் தெரிந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் அது கச்சேரி. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் மடிக்கணினிக்குப் பின்னால் உழைத்துவிட்டு யாரும் நம்பாமல் போன கலைஞரின் நிலை. இரண்டுமே இல்லாமல் இருப்பதாகக் காட்டிக்கொண்டால் அது ஏமாற்று. இரண்டும் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பிலிப்ஸ் கூடம்போல, கண்கட்டிக் கேட்கும் அறைபோல, அது வேறொரு கலை. அதற்கும் மரியாதை உண்டு.

2020ல் கொரோனாவால் அரங்குகள் மூடிக்கிடந்தபோது டிஜேக்கள் வீட்டிலிருந்து இணையத்தில் வாசித்தார்கள். கேமரா கைக்கு மிக அருகே இருந்தது. எந்தக் குமிழ் திரும்புகிறது என்பது முன்னெப்போதையும்விடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கலைஞர் பார்த்து முடிவெடுக்க எதிரே கூட்டம் இல்லை. களைத்தவர்களும் இல்லை, ஆடுபவர்களும் இல்லை. கலைஞரைப் பார்க்கத்தான் ரசிகர்கள் வருகிறார்கள் என்று இத்தனை காலம் பேசியிருக்கிறார்கள். கலைஞரும் ரசிகர்களைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் காலியான அறைகள் நினைவுபடுத்தின.

1992ல் சதுரங்கம் ஆடிய இருவரும் பதிவான இசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேடையில் அன்று நேரடியாக நடந்துகொண்டிருந்தது ஒன்றுதான். அடுத்து எந்தக் காயை நகர்த்துவது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்ததுதான் அது.